கட்டிக்கிடந்த படகுகள் கரைபிடித்த வருஷம்

முதல் அநியாயம் கல். பக்கத்துத் துறைமுகத்தில் மண் சேரக்கூடாது என்று எங்களுக்கு வடக்கே கடலுக்குள் கல்லைக் கொட்டினார்கள். அங்கே சேராத மண் எங்கள் கரைக்கும் வரவில்லை, இருந்த மண்ணும் கிளம்பிப் போனது, கல்லறைத் தோட்டத்தின் கடலோர வரிசைச் சிலுவைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்க, செத்தவர்கள் இரண்டாந்தரம் கடலுக்குப் போனார்கள். இரண்டாம் அநியாயம் கொட்டகை. மீன் இறங்குதளம் என்று பெயர் வைத்து, எந்தப் படகும் அணைய முடியாத மேட்டில் கட்டி, ரிப்பன் வெட்டி, கல்வெட்டு பதித்துவிட்டுப் போனார்கள். அதில் இன்றுவரை இறங்கியது ஆட்டுப் புழுக்கை. மூன்றாம் அநியாயம் டீசல். துறையில் இருந்த மானிய டீசல் பங்க்கைப் பெயர்த்து நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோனார்கள். படகு தார்ரோட்டில் போகுமா என்று கேட்டு நான் போட்ட நோட்டீஸுக்குப் பதிலாக வந்தது ஒரு வழக்கு. நான்காம் அநியாயம் வேலி. எங்கள் பாட்டன்மார் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்து, பேர் சொல்லிக் கும்பிட்டு வலைபோட்ட பார்களை, மீன் கூடும் கடலடிப் பாறைகளைச் சுற்றி, கடலுக்குள்ளேயே, சிவப்பு மிதவைகளை நட்டு, இனி இங்கே வராதே என்றார்கள்.

ஐந்தாம் அநியாயம் தொட்டில். போக இடமில்லாமல், ஊற்ற டீசல் இல்லாமல் எங்கள் பதினொரு விசைப்படகுகள் கட்டிக்கிடந்த காலத்தில், கோயம்புத்தூரிலிருந்து 'அலைத்தொட்டில்' என்றொரு கம்பெனி வந்து, அத்தனையையும் குத்தகைக்கு எடுத்து, என்ஜினைக் கழற்றி வெளியே போட்டு, ஐஸ் அடுக்கிய அறையைக் கக்கூஸ் ஆக்கி, மீன் கொட்டிய தளத்தில் மெத்தை விரித்து, வலைகளைக் கூரையில் தொங்கவிட்டு, அவற்றின் கண்களில் சின்னச்சின்ன பல்புகளைக் கோத்து, கட்டிய படகில் ஓர் இரவு தூங்கிப் பாருங்கள் என்று ஊர்ப்பட்ட ஜனத்தை அழைத்தது. படகோட்டினவர்களுக்கு நீல யூனிபார்மும் விசிலும் கொடுத்துக் காவலுக்கு நிறுத்தியது. அவர்களில் உயரமான ஒருவனுக்கு வெள்ளைத் தொப்பி வைத்து, கேப்டன் என்று சொல்லி, விருந்தாளிகளோடு போட்டோவுக்கு நிற்கவைத்தது. அவன் என் பெரியப்பா மகன் தொம்மை. முப்பது வருஷம் தண்டலாக, படகின் தலைவனாக இருந்தவன், படகின் தலைவன் வேஷம் கட்டி நின்றதைப் பார்த்த கண் இது.

ஆறாம் அநியாயம் காகிதம். இந்த வருஷம் முடிவதற்குள் ஊர்க்காரர் ஒருவர் பேரில் மீன் இறங்காவிட்டால், மாதாத்துறை மீன்பிடித் துறை என்ற கணக்கிலிருந்து நீக்கப்படும் என்றும், குடியிருப்பவர்கள் நெடுஞ்சாலைக்கு மேற்கே, முள்ளுக்காட்டில் கட்டிய காலனிக்கு மாற்றப்படுவார்கள் என்றும் அந்தக் கொட்டகைச் சுவரில் ஒட்டினார்கள்.

வரிசை மாறாமல் சொல்கிறேன், ஏனென்றால் அநியாயத்துக்கு வரிசை முக்கியம்; வரிசை தப்பிச் சொன்னால் அது விதி மாதிரித் தெரியும், வரிசையாகச் சொன்னால் திட்டம் என்று தெரியும்.

ஏழாவதாக நடந்ததை அநியாயத்தில் சேர்க்க முடியாது. ஆடி மாசத்து வியாழக்கிழமை காலையில், 'வியாகுலமாதா' படகில் மனைவியோடு தங்கியிருந்த கனகசபாபதி என்ற ஓய்வுபெற்ற கருவூல அதிகாரி, வாயில் பிரஷ்ஷோடு போய்க் கக்கூஸ் கதவைத் திறந்தார். உள்ளே நெஞ்சளவு நிறைந்திருந்த சாளை மீன் வெள்ளிக்காசு மூட்டை அவிழ்ந்ததுபோல அவர் மேல் சரிந்து, இடுப்பு வரை மூடி, துள்ளியது. அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஓடி வந்த மேனேஜர் நிரஞ்சனிடம் கேட்டார்:

"ஏனுங் தம்பி, இது வாடகையிலயே சேர்ந்ததுங்களா, தனிங்களா?"

படகுகளைக் கூட்டித் துடைக்கும் வேலைக்கிருந்த கித்தேரி, தொம்மையின் பெண்சாதி, எனக்கு மைனி, ஒரு காலத்தில் தலைச்சுமையாக மீன் விற்று ஏழு ஊரையும் தன் வாயாலேயே அடக்கியவள், துடைப்பத்தோடு உள்ளே வந்து ஒரு சாளையைத் தூக்கிச் செவுளைப் பிரித்துப் பார்த்தாள்.

"அசையாதிய அண்ணாச்சி, மீனை மிதிச்சிராதிய. நேத்து ராத்திரி புடிச்சது. ஏ மைனர் மேனேஜரு, கூடை எங்க கிடக்கு? உம்ம கம்பெனியில பூச்சாடி இருக்கு, ஒரு கூடை கிடையாது."

பதினொரு படகிலும் அப்படித்தான். கூரையில் அலங்காரத்துக்குத் தொங்கிய வலைகள் ஈரம் சொட்டின. பல்புகள் அணையாமல் எரிந்தன; பல்புக்கும் பல்புக்கும் நடுவே விளமீனும் சீலாவும் செவுள் மாட்டிக் கிடந்தன. படகைக் கட்டிய கயிறு முன்னும் பின்னும் போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது. இரவுக் காவலில் நின்ற தொம்மையைக் கேட்டோம்.

"ராமுழுக்க விசிலும் கையுமா நிக்கேன். படகு அங்கனயேதான் கிடந்தது. விடியச்சொல்ல திரும்பி வந்துச்சு."

"அங்கனயே கிடந்தது எப்படி வே திரும்பி வரும்?" என்றார் ஏலக்காரர் லெயோன்.

"அதை எங்கிட்ட ஏன் கேக்கீரு? கிடந்ததையும் பாத்தேன், வந்ததையும் பாத்தேன்."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போனார்கள், பல் விளக்குகிறவர்கள் விளக்கினார்கள். படகென்றால் போகும், வரும். போகாமல் கிடந்த வருஷங்கள்தான் எங்களுக்கு அதிசயமாக இருந்தன.

மறுநாளும் படகுகள் போகாமலே போய் வந்தன, அதற்கு மறுநாளும் வந்தன, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகவில்லை, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் துறையில் யாரும் கடலுக்குப் போவதில்லை என்பது படகுகளுக்கும் தெரியும். டீக்கடைக்காரன் பழையபடி இருட்டோடு எழுந்து பாய்லரைப் பற்றவைத்தான். வடக்குத் தெருவுக்குக் குடிபோயிருந்த பூனைகள் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு துறைக்குத் திரும்பின. படகில் தூங்கி எழுந்த விருந்தாளிகளின் உள்ளங்கைகளில், கயிறு இழுத்தவன் கையில் வருமே, அந்தச் சிவந்த தடம் இருந்தது. கம்ப்யூட்டர் தட்டுகிற கை, சாக்பீஸ் பிடிக்கிற கை, நகை போட்ட கை என்று பேதமில்லாமல் எல்லாக் கையிலும் இருந்தது. பெண்கள் மஞ்சள் குழைத்த நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் கொண்டுபோய் வரிசையாக உட்காரவைத்துத் தேய்த்துவிட்டார்கள். மூன்றாவது தடவை தங்கினால் தடம் காய்ப்பாகிவிடும் என்று அறிவுரை சொன்னார்கள். உப்புக் காற்றில் படுத்தால் காது குத்தும் என்று பஞ்சு கொடுத்தார்கள். இரவு சாப்பாட்டில் மோர் ஊற்றாதே, அலையில் குமட்டும் என்று கம்பெனிச் சமையல்காரனை மிரட்டிவிட்டு வந்தார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, விசாரித்தபோது, "புதுமை, அற்புதம்னு நடந்தா மேலிடத்துக்கு எழுதணும். மீன் வந்தா எதுக்கு எழுதணும்?" என்றார். அவர் வீட்டுக்கும் ஒரு கூடை போயிருந்தது.

கனகசபாபதி மாசத்தில் நாலு தடவை வந்தார். இடது கையின் காய்ப்பை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினார்.

ஆனால் அந்த மீனில் ஒரு துண்டுகூட விலைக்குப் போகவில்லை.

எங்கள் துறையில் ஒரு முறை உண்டு. படகு கரைபிடித்ததும், மீனில் யாரும் கைவைக்குமுன், ஏலக்காரர் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, "கரைபிடிச்சது யாரு?" என்று கேட்பார். தண்டல் தன் பேரைச் சொல்வான். சுற்றி நிற்பவர்கள் "கேட்டோம்" என்பார்கள். அப்படிப் பேர் சொன்னவன் மீனுக்கு மட்டுமில்லை, அந்தப் படகில் போய்வந்த ஒவ்வொரு உயிருக்கும் பொறுப்பு; ஓர் ஆள் குறைந்தால் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டியவன் அவன்தான், காவல் நிலையத்தில் போய் நிற்கவேண்டியவனும் அவன்தான். பேர் சொல்லாத மீனைத் தின்னலாம், தானம் கொடுக்கலாம், விற்கக் கூடாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம் இது. நான் படித்த நோட்டீஸ்கள் எதிலும் இதைவிட நல்ல சட்டத்தைப் பார்த்ததில்லை.

முதல் நாளே லெயோன் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து கேட்டார். தொம்மை வாயைத் திறந்தான், மூடினான். யூனிபார்ம் வாங்கிய அன்று எங்கள் ஆண்கள் ஒவ்வொருவரும், கடல் தொழிலை விட்டுவிட்டேன், இனி உரிமை கோரமாட்டேன் என்று கம்பெனி கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பேர் சொன்னால் வேலையும் போகும், பொய்க் கையெழுத்து என்று வழக்கும் வரும். மேனேஜர் முன்னால் வந்தான்.

"எங்க கம்பெனி பேரையே போட்டுக்குங்க சார்."

லெயோன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கம்பெனிக்கு நீச்சல் தெரியுமா தம்பி?"

"அது எப்படி சார்..."

"செத்தா எங்க கொண்டு புதைக்கணும்? அதையாவது சொல்லும்."

ஆகவே ஏலம் நடக்கவில்லை. தின்றோம், கொடுத்தோம், மிஞ்சியதை உப்புத் தடவிக் காயப்போட்டோம். கோயில் முற்றம், பள்ளிக்கூட மைதானம், மொட்டைமாடிகள், கம்பெனி போட்ட சாய்வு நாற்காலிகள் எல்லாம் கருவாடாயின. வாசனை நெடுஞ்சாலை வரை போய், பஸ்ஸில் தூங்கினவர்கள் எழுந்து ஊர் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். கம்பெனிக்கு ஆத்திரம், ஆனால் விருந்தாளிகள் மெத்தைக்காக வருவதை விட்டுவிட்டுக் கைத்தடத்துக்காக வர ஆரம்பித்திருந்ததால் அது வாயைத் திறக்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? 'கட்டிய படகு கடலாடுகிறது! மூடவந்த காகிதமே, திரும்பிப் போ!' என்று தலைப்பிட்டு இரண்டு பக்க நோட்டீஸ் அடித்து, சந்தையிலும் பஸ் நிலையத்திலும் மீன்துறை அலுவலக வாசலிலும் என் கையாலேயே கொடுத்தேன். அலுவலகம் பதில் அனுப்பியது: மீன் வருவது தெரியும், கொண்டுவந்தவர் பேர் இல்லாமல் வந்த மீன் வந்த மீன் ஆகாது. அதே பதிலை லெயோன் இலவசமாகச் சொல்லியிருந்தார். நான் தொம்மையிடம் போனேன்.

"அண்ணே, யூனிபார்மைக் கழத்தி எறிஞ்சிட்டு உன் பேரைச் சொல்லு. ஊரே உன் பின்னால நிக்கும்."

"ஏலே ரபேலு, நீ செயிலுக்குப் போனா வரும்போது மாலை போடுதாவ. நான் போனா இந்தத் தொப்பியை வேற ஆளு தலையில வைப்பான். போலே, போயி இன்னொரு நோட்டீஸு எழுது."

நான் அதற்கும் நோட்டீஸ் எழுதினேன்.

இதற்கிடையில் கம்பெனியின் வக்கீல் வந்து படகுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு பலகை தொங்கியது: இது கரையில் கட்டப்பட்ட தங்குமிடம், இது கடலுக்குப் போவதில்லை, கடலில் நேர்வது எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. படித்துவிட்டு விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே தூங்கினார்கள்.

சிரிப்பு நின்றது ஒரு சனிக்கிழமை காலையில். பத்துப் படகு வந்தது. பதினோராவது, 'பனிமயம்', வரவில்லை. அதில் மதுரையிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதியும் அவர்களுடைய கைக்குழந்தையும் படுத்திருந்தார்கள். படகு கிடந்த இடத்தில் வெறும் தண்ணீர் கிடந்தது. ஆனால் அதைக் கட்டியிருந்த கயிறுகள் இரண்டும் கரைக் குற்றியிலிருந்து கிளம்பி, விறைப்பாக, நனைந்து, தண்ணீருக்கு மேல் நேராகப் போய், ஒரு கட்டத்துக்குமேல் எதிலும் கட்டப்படாமல் நின்றன. நாய் இழுக்கும் சங்கிலிபோல அவ்வப்போது வெட்டி இழுத்தன.

சூரியன் பனைமர உயரம் ஏறியது. ஊர் முழுக்கக் கரைக்கு வந்துவிட்டது. யாரும் அழவில்லை, கடல்புரத்தில் அவ்வளவு சீக்கிரம் அழமாட்டார்கள். மேனேஜர் நிரஞ்சன் உதடு வெளுத்து நின்று, பலகையில் இருந்ததை அப்படியே ஒப்பித்தான்: "இது கரையில் கட்டப்பட்ட தங்குமிடம்... நிர்வாகம்..." அப்புறம் போனை எடுத்துக்கொண்டு பேசியபடியே தன் காருக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். யூனிபார்ம் போட்ட ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடலைப் பார்க்க அவர்களுக்கு வெட்கமாக இருந்தது.

கித்தேரி துடைப்பத்தை மணலில் குத்தி நிறுத்தினாள். சேலையை வரிந்து கட்டினாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அந்த மறுமுனையில்லாத கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஏட்டி, இழுக்காத!" என்று தொம்மை கரையிலிருந்து கத்தினான். "இழுத்து அறுந்துச்சுன்னா உன் பேர்ல விழும்!"

"விழட்டும்வே! எம் பேருல இதுவரைக்கும் ஒண்ணுமே விழல. ரேஷன் காட்டுலகூட உம்ம பேருக்குக் கீழதான கிடக்கேன்!"

அவள் இழுத்தாள். கயிறு ஒரு முழம் வந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தண்ணீரில் இறங்கிக் கரைவலை இழுக்கிற வரிசையில் அவளுக்குப் பின்னால் பிடித்தார்கள். கித்தேரி ராகம் போட்டுத் திட்டினாள்: ஏ பனிமயம், ஏ மூதேவி, உன் அடிப்பலகைப் பாசியை யாரு சுரண்டினா, நானு, உன் கக்கூஸை யாரு கழுவினா, நானு, பச்சப் பிள்ளையைத் தூக்கிட்டு ஊரு சுத்துதியோ, வா, உன்னை அடுப்புக்கு விறகாக்குதேன் வா. ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு பிடி இழுத்தார்கள். கயிறு வந்துகொண்டே இருந்தது. கம்பெனி வாங்கிய கயிறு ஒரு வீட்டுக் கிணற்றுக்குக் காணாது, ஆனால் இழுத்துப் போட்டது கரையில் ஆள் உயரத்துக்குக் குவிந்தது, அதில் எங்கள் பக்கத்துக் கடலில் இல்லாத பாசிகள் ஒட்டியிருந்தன, தொட்டால் ஐஸ்போலச் சில்லிட்டது. பெண்களின் கை கிழிந்தபோது ஆண்கள் பின்னால் வந்து பிடித்தார்கள். தொம்மை வெள்ளைத் தொப்பியோடுதான் இழுத்தான். அதைக் கழற்றக் கை ஒழியவில்லை.

நண்பகல் மணி அடித்தபோது பனிமயம் வந்தது. எங்கிருந்து என்று சொல்ல முடியாது. முதலில் இல்லை, பிறகு இருந்தது. அன்று அதில் ஒரு மீன்கூட இல்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தகப்பன் கை இரண்டிலும் கொப்புளம். தாய் அதை வாரி எடுத்துக்கொண்டு படகின் விளிம்புக்கு வந்து, எல்லோரையும் பார்த்துக் கத்தினாள்:

"இங்க யாரு பொறுப்பு? யாருன்னு கேக்குறேன்ல!"

காரின் கண்ணாடி இறங்கவில்லை. ஆண்கள் குனிந்தார்கள். கித்தேரி மூச்சு வாங்க, கிழிந்த உள்ளங்கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"நாந்தான் தாயி. பிள்ளையைக் குடு. நீ பைய இறங்கி வா."

அதற்கடுத்த வாரம் மீன்துறை அலுவலகத்திலிருந்து விசாரணை வந்தது. ஆடுகளை ஓட்டிவிட்டு அந்தக் கொட்டகையில் நாற்காலி போட்டார்கள். வந்த அதிகாரி நான் எதிர்பார்த்த அயோக்கியன் இல்லை, களைத்த மனிதர்; எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஊரே வந்திருந்தது, விருந்தாளிகளும் வந்திருந்தார்கள். மேனேஜர் புதுச் சட்டையில் முன்வரிசையில் இருந்தான்.

"மீன் வருது," என்றார் அதிகாரி. "எனக்கும் குடுத்தாங்க, ருசியா இருந்துச்சு. ஆனா என் கேள்வி ஒண்ணுதான். இந்தப் படகுகளைக் கொண்டுபோய்க் கொண்டுவர்றது யார்? உயிரோட இருக்குற, இந்த ஊர் ஆள், தொழிலை விட்டேன்னு எழுதிக்குடுக்காத ஆள், ஒரு பேர் வேணும். இருந்தா துறை இருக்கும். இல்லேன்னா இன்னையோட கணக்கை மூடுறேன். கம்பெனி என்ன சொல்லுது?"

மேனேஜர் எழுந்தான். "படகுகள் கட்டியே கிடக்கு சார். கடலுக்குப் போறதே இல்ல. எழுத்துலயே இருக்கு."

"அப்ப மீன் உங்களோடது இல்ல."

"இல்ல சார்," என்றான், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நான் எழுந்தேன். ஆறு அநியாயத்தையும் வரிசையாகச் சொன்னேன். அதிகாரி கடைசிவரை கேட்டார். பிறகு, "உங்க பேரை எழுதலாமா?" என்றார். பார் வேலியை எதிர்த்து மறியல் செய்து சிறைக்குப் போனபோது என் கடலோடி அட்டையை ரத்து செய்திருந்தார்கள். அதைப் பெருமையோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். பின்வரிசையில் கனகசபாபதி கையைத் தூக்கினார்.

"என் பேரை வேணும்னா எழுதிக்குங்க. இருபது தடவைக்கு மேல போயிருக்கேனுங்க."

"நீங்க தூங்கிக்கிட்டுல்ல போனீங்க?"

"தூங்கிக்கிட்டுத்தானுங்க கருவூலத்தையே முப்பது வருசம் ஓட்டினேன்."

கொட்டகை சிரித்தது, அதிகாரியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே பேனாவை மூடப் போனார். அந்தச் சிரிப்பு முடியுமுன் தூணோரத்திலிருந்து கித்தேரி சொன்னாள்:

"எம் பேரை எழுதுங்கய்யா."

"ஏய், பொம்பளையைப் போயி..." என்று யாரோ ஆரம்பித்தார்கள். "ஆமா, பொம்பளை," என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "பொம்பளை கால் பட்டா படகு மீன் புடிக்காதுன்னிய. எங்காலு படாத இடம் அந்தப் பதினொரு படகுல ஏதாவது இருக்கா?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். "நீங்க தொழிலை விட்டதா எழுதிக் குடுத்திருக்கீங்களாம்மா?"

"எங்கிட்ட யாருய்யா கேட்டா? நான் தொழில்ல இருக்கேன்னு ஒரு காகிதமும் சொல்லல. இல்லாதவகிட்ட எப்படி விட்டேன்னு கையெழுத்து வாங்குவாவ? தாளைத் தூக்கிட்டு வீடு வீடா வந்தவன் எங்களைப் பாத்து, 'அம்மா, தண்ணி குடுங்க'ன்னான். குடுத்தோம், குடிச்சிட்டுப் போயிட்டான்."

பெண்கள் பக்கத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. எங்கள் எதிரிகள் எல்லாக் கதவையும் பூட்டினார்கள். இருப்பதே தெரியாத கதவை மட்டும் பூட்ட மறந்தார்கள்.

"நல்லா யோசிங்க," என்றார் அதிகாரி. இப்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது. "பேர் குடுத்தா, அதுல தூங்குற அத்தனை பேருக்கும் நீங்கதான் ஜவாப்தாரி. போன வாரம் மாதிரி ஒரு படகு போய், வராம போச்சுன்னா, உள்ள போறது நீங்க."

"தெரியும்யா. இந்தா இருக்காரே எங்க கொழுந்தனாரு, போயிட்டு வந்தவருதான, அங்க சோறு எப்படின்னு கேட்டு வச்சிருக்கேன்." சிரிப்பு வந்தது, அவள் சிரிக்கவில்லை. கட்டுப்போட்ட கையால் தூணைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்குய்யா. இல்லேன்னு சொல்லல. ஆனா நான் பேர் சொன்னாலும் படகு போவும், சொல்லாட்டியும் போவும். அது போவுததுக்கு ஆளு வேண்டாம். அதுல படுத்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு ஆளு வேணும்லா?"

தொம்மை எழுந்தான். மறிக்கப் போகிறான் என்று நான் நினைத்தேன், எல்லோரும் நினைத்தார்கள். மேனேஜர் நம்பிக்கையோடு திரும்பிப் பார்த்தான். தொம்மை தொண்டையைச் செருமினான்.

"சாட்சிக்கு நான் நிக்கலாமாய்யா? யூனிபார்மோட நிக்கக் கூடாதுன்னா கழத்திருதேன்."

"கழத்தினா உள்ள பனியன் இருக்கா, பாத்துக்கிரும்," என்றாள் கித்தேரி. அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

அதிகாரி எழுதத் தொடங்கினார். "புருசன் பேர்?"

"அது எதுக்குய்யா? இவிய முப்பது வருசம் தண்டலா இருந்தாவ. எந்தக் காகிதத்துலயாவது பொண்டாட்டி பேரு எழுதிருக்கா?"

அவர் எழுதிய எழுத்தை அடித்துவிட்டு, யோசித்து, மறுபடி எழுதினார். முறைப்படி இதைச் சாட்சிகள் முன்னால் சத்தமாக வாசிக்கவேண்டும், எல்லோரும் எழுந்திருங்கள் என்றார். ஊர் எழுந்தது. கை காய்த்த விருந்தாளிகள் எழுந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் மேனேஜரும் எழுந்தான். நாற்பது வருஷம் நோட்டீஸ் போட்டு நான் உழுத நிலம் அது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்; ஆனால் அன்று அங்கே முளைத்தது நான் விதைக்காத பயிர், அதற்காகவும் நான் எழுந்து நின்றேன். ஏலக்காரர் லெயோன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்தார். அதிகாரி தாளை முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு சொல்லாக, கடற்கரை வரைக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"மாதாத்துறை. படகுகள் பதினொன்று. கரைபிடித்த தண்டல், மரிய கித்தேரி."